பேச்சு நிற்காத எடை

ஊரில் கண்ணில் படுகிறவர்கள் மேலெல்லாம் எனக்குப் பொறாமை என்று என் மருமகள் சொல்லித் திரிகிறாள். சுத்தப் பொய். இந்த ஐம்பத்திரண்டு வயதில் ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. எரிந்தது என்னவோ நன்றாகவே எரிந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை எதிரிலேயே நிற்கிற ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடச் சத்துணவுக்குச் சமைப்பவள் நான். பதினேழு வருடமாக அதே அடுப்பு. எண்பது பிள்ளைகள். அவர்களுக்கு என் பெயரெல்லாம் தெரியாது, ‘ஆயா’ என்றால் நான்தான். பதினொரு வருடமாக எனக்கு உதவியாள் ஒருத்தி உண்டு. மலை ஏறுகிற பாதையோரத்து வீடுகளிலிருந்து தினமும் நடந்து இறங்கி வருவாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். காய் நறுக்குவது, தட்டு கழுவுவது, பெருக்குவது அவள் வேலை. அடுப்பும் கரண்டியும் என்னுடையவை.

இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான். சோறு வெந்ததும் குண்டானின் காதுக்கு ஒருத்தியாகக் கரித்துணி வைத்துப் பிடித்து, அடுப்பிலிருந்து தூக்கி, நாலு எட்டு நடந்து, கஞ்சி வடிக்கிற மேடையில் வைக்க வேண்டும். எட்டு கிலோ அரிசி, அது வெந்த தண்ணீர், குண்டானின் கனம் எல்லாம் சேர்ந்து தோளைப் பிடுங்கும். ஒருத்தி முன்னால் தூக்கி ஒருத்தி பின்னால் தூக்கினால் கொதிக்கிற கஞ்சி பிந்தினவள் மேல்தான் கொட்டும். அதனால் நான் ‘ம்’ என்பேன், இரண்டு பேரும் தூக்குவோம். அந்த ‘ம்’ சொல்கிற உரிமையும் என்னுடையதுதான். பதினொரு வருடத்தில் ஒரு நாள் கூட அவள் அதைச் சொன்னதில்லை.

ஆவணி மாதக் கடைசியில் மழையில் நனைந்து வந்தேன். இருமலில் ஆரம்பித்தது நிமோனியாவில் போய் நின்றது. கள்ளக்குறிச்சியில் இருபது நாள் படுக்கை. ஊர் மொத்தமும் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு தொலைதூரத்துச் சம்பந்தி வீட்டிலிருந்து சாத்துக்குடி என்று கட்டிலடியே நிறைந்தது. அவள் மட்டும் வரவில்லை. ஒரு நாள் கூட வரவில்லை. பதினொரு வருடம் ஒரே குண்டானைத் தூக்கினவள்! கதவு திறக்கும்போதெல்லாம் அவள்தானோ என்று பார்ப்பேன், இல்லை என்றதும் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்தபோது வாசலிலிருந்து கட்டிலுக்கு நடப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால் கை நடுங்கியது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது அங்கே உடற்பயிற்சி சொல்லித்தருகிற பிசியோ மேடம் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தார். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும், சுவரைத் தள்ள வேண்டும், குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். அப்புறம் எடை. இரண்டு கிலோவில் ஆரம்பித்து வாரத்துக்குக் கொஞ்சமே கொஞ்சம் கூட்டலாம், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

“எடையத் தூக்கும்போது வாய்விட்டுப் பேசிப் பாருங்கம்மா. மூச்சு இழைக்காம ஒரு முழுப் பேச்சு வந்தா அந்த எடை உங்களுக்கு சரி. பேச்சு நின்னுடுச்சுன்னா உடனே எறக்கி வெச்சிடணும்” என்றார்.

இரண்டு கிலோவாம்! எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே இருமலும் வந்தது. தாளை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன்.

மூன்றாவது படிக்கிற என் பேத்தி அதே பள்ளிக்கூடம்தான். அவள்தான் எனக்கு ஒற்றர். முதல் நாளே கேட்டேன், இப்போது யார் சமைக்கிறார்கள் என்று.

“ஒங்கூட வேல செய்யிற அந்த ஆயாதான். சாம்பார் சூப்பரா கீது, ஆயா. பசங்க ரெண்டாவாட்டி கேக்கறாங்க.”

“நான் வெச்சா ரெண்டாவாட்டி கேக்க மாட்டாங்களா?”

பேத்தி கொஞ்சம் யோசித்தாள். அந்த யோசனையை நான் இன்னும் மறக்கவில்லை. அப்புறம் பேச்சை மாற்றுகிற மாதிரி, “அந்த ஆயா கையில மஞ்சத்துணி கட்டிக்கினு கீது” என்றாள்.

மஞ்சள் துணி! எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டுதல். என்ன வேண்டுதல் இருக்க முடியும்? நான் திரும்பி வரக்கூடாது, அடுப்பு தனக்கே நிலைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிப் பக்கம் ஏன் வரவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது.  அன்றைக்கு மருமகள் கொண்டுவந்த கஞ்சியைச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் குடித்தேன்.

அந்த வாரமே ஹெச்.எம். சார் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், அதட்டத் தெரியாதவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “அரையாண்டு லீவு முடிஞ்சி ஸ்கூல் தொறக்கற அன்னிக்கி வாங்கம்மா. குண்டான தூக்க முடிஞ்சுதுன்னா அடுப்பு உங்களுது. முடியலன்னா வேலைய மாத்திக்கலாம். அவங்க அடுப்புல நிக்கட்டும், நீங்க உக்காந்து காய் அரியுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார்.

நான் காய் அரிய, அவள் ‘ம்’ சொல்ல! அவர் தெருமுனை தாண்டுவதற்குள் மருமகளைக் கூப்பிட்டேன்.

“கள்ளக்குறிச்சில ஜிம்மு கீதுன்னியே, பொம்பளைங்களுக்கு. கூட்டிக்கினு போ.”

“மேடம் எழுதிக் குடுத்த தாளு இருக்குது அத்த.”

“அது ஒடம்பு தேறறதுக்கு. எனக்கு குண்டான் தூக்கணும்.”

பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு மாடி. பத்து மணிக்கு மேல் பெண்கள் நேரம். சொல்லித்தருகிற பையனை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். அவன் மரியாதையாகத்தான் கேட்டான், உடம்புக்கு ஏதாவது வந்து எழுந்திருக்கிறீர்களா அம்மா என்று. ஒன்றுமில்லை என்று வாய் கூசாமல் சொன்னேன். மருமகள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பற்றி எரிந்திருக்க வேண்டும். அவன் ஒரு சார்ட்டை எடுத்து நீட்டினான். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, வியாழன் கால் என்று உடம்பைக் கூறு போட்டு எழுதியிருந்தது.

“இன்னிக்கி திங்கக்கெழம, நெஞ்சும்மா” என்று பெஞ்சில் மல்லாக்கப் படுக்கச் சொன்னான்.

நெஞ்சுதானடா தம்பி எனக்கு வியாதியே என்று சொல்லவா முடியும்? படுத்தேன். இரும்புக் கம்பியைக் கையில் கொடுத்தான். இரண்டு முறை மேலே போனது. மூன்றாம் முறை அவன் பிடித்துக்கொண்டான். மாடிப்படியில் நான்கு இடத்தில் உட்கார்ந்து இறங்கினேன். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை, பொய் சொன்னது நான்.

ஜிம்முக்கு முழுக்குப் போட்டாயிற்று. செல்போனில் ஒரு வெள்ளைக்காரி கைப்பிடி வைத்த இரும்புக் குண்டைத் தொடைக்கு நடுவே வீசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவளுக்கு நிமோனியா வந்திருக்காது என்று அதையும் விட்டேன். கடைசியில் எனக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கட்டிலுக்கு அடியில் ரேஷன் அரிசி மூட்டை இருந்தது. இருபது கிலோ இருக்கும். அதைத் தினமும் தூக்குவது. ஒரு நாள் விட்டு ஒரு நாளெல்லாம் கிடையாது, தினமும்.

முதல் வாரம் மூட்டை தரையை விட்டு எழும்பவில்லை. இழுத்தேன், அவ்வளவுதான். இரண்டாவது வாரம் முழங்கால் வரை வந்தது. மூன்றாவது வாரம் இடுப்புக்கு ஏற்றினேன். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று. மருமகளிடம், “பாத்தியாடி, இன்னும் ரெண்டு வாரத்துல தோளுக்கே ஏத்திடுவேன்” என்றேன். அவள் இட்லி மாவு கரைத்துக்கொண்டே, “ஆமாங்க அத்த” என்றாள்.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை, உதவியாள் வந்தாள். தலையில் ஒரு சாக்கு குச்சிக்கிழங்கு. மலைக்காட்டில் பிடுங்கியது. அவ்வளவு கிழங்கையும் சுமந்துகொண்டு இறங்கி வந்தவளுக்கு மூச்சு கொஞ்சமாவது வாங்க வேண்டாமா? சிரித்துக்கொண்டு நின்றாள். புது ரவிக்கை போட்டிருந்தாள், மணிக்கட்டு வரை கை நீளம் வைத்து. ஓகோ, டீச்சரம்மா மாதிரி கை நீளமாக ரவிக்கை தைக்க ஆரம்பித்துவிட்டாளா என்று எனக்குப் பொசுபொசுவென்று வந்தது.

“ஒடம்பு எப்பிடிக்கா கீது? எளச்சிட்டியே!”

“நான் நல்லாத்தான் கீறேன்.”

மருமகள் சும்மா இருக்காமல் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினாள். பேச்சு நின்றால் இறக்கி வைக்க வேண்டும் என்பதை மட்டும் இரண்டு முறை படித்தாள், எனக்கு உறைக்கட்டும் என்று. வந்தவள் வாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கிழங்குச் சாக்கை எங்கே வைப்பது என்று குனிந்து பார்த்து, கட்டிலடியில் இருந்த என் மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கி ஓரமாக வைத்தாள். ஒற்றைக் கையால்!

“இன்னாக்கா, இதுல அரிசியே இல்லயே. அஞ்சு கிலோ கூட தேறாது போலக் கீது” என்றாள்.

நான் மருமகளைப் பார்த்தேன். மருமகள் இட்லிப் பானையைப் பார்த்தாள். தினமும் படி படியாக அந்த மூட்டையிலிருந்துதான் மாவுக்கு அள்ளியிருக்கிறாள். வீட்டுக் கோழிக்கும் அதிலிருந்துதான். எனக்கு பலம் ஏறவில்லை, மூட்டைதான் இறங்கிக்கொண்டிருந்தது.

“நீங்க சந்தோசமா இருந்தீங்க அத்த, அதான் சொல்லல” என்றாள் மருமகள்.

இதை யார் கண்டுபிடித்திருந்தாலும் சிரித்துத் தொலைத்திருப்பேன். போயும் போயும் அவள் கண்டுபிடித்தாள். அவள் சிரிக்கவில்லை என்பதுதான் இன்னும் மோசம். “பரவால்லக்கா, நாள் கீது” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவித்த கிழங்கை நான் தொடவில்லை. வாசனை மட்டும் வீடெல்லாம் வந்தது.

மறுநாள் தாளை எடுத்தேன். வேறு வழி இல்லை. அதில் எழுதியிருப்பதை அப்படியே, ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் செய்வது என்று முடிவு செய்தேன். நாற்காலி, சுவர், குதிகால். எடைக்கு அரிசியை நம்பவில்லை. பிளாஸ்டிக் குடத்தில் சொம்பால் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். சொம்பு எண்ணிக்கை தப்பாது, யாரும் அதில் மாவு ஆட்ட முடியாது. முதல் வாரம் இரண்டு சொம்பு. பிறகு நான்கு. பிறகு ஏழு. முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, தூக்கிக்கொண்டு கூடத்தில் நாலு எட்டு நடந்து வைப்பேன்.

தூக்கும்போது பேச வேண்டுமே. மருமகள் காட்டு வேலைக்குப் போய்விடுவாள், பேத்தி பள்ளிக்கூடம் போய்விடும். தனியாக யாரோடு பேசுவது? முதல் நாள் சாமி பெயரைச் சொல்லிப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் அவளை நினைத்தேன். பேச்சு பிய்த்துக்கொண்டு வந்தது.

“மலைமேலருந்து எறங்கி வந்தவளே, என் கரண்டிய புடுங்கிக்கினவளே! மஞ்சத்துணி கட்டி என் அடுப்புக்கு வேண்டிக்கினியா? ஆஸ்பத்திரிக்கு எட்டிப் பாக்க ஒனக்கு கால் வலிச்சுதா? டீச்சரம்மா மாரி ரவிக்க கேக்குதா ஒனக்கு? உன் சாம்பாருல உப்பு இல்லாம போவ!”

இழைக்காமல் வந்தது. நாலு எட்டுக்கும் சரியாக வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடத்தைத் தூக்கியதும் அதே பாட்டு. கடைசியில் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி தானாக வரும். பத்து சொம்பு, பன்னிரண்டு சொம்பு. அரையாண்டு லீவு விட்டபோது குடம் தளும்பத் தூக்கினேன், கரித்துக்கொட்டிக்கொண்டே. சட்டையைப் பிடித்து உலுக்குகிற மாதிரி இருந்த இருமல் எங்கே போனதென்று தெரியவில்லை. நடு முதுகில் ஒரு தைரியம் வந்து உட்கார்ந்திருந்தது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று மலை தெரியவில்லை, அவ்வளவு பனி. நான் போனபோது அவள் எனக்கு முன்பே வந்து இடத்தைக் கழுவி விட்டிருந்தாள். என் கரண்டியை நான் வைக்கிற ஆணியிலேயே மாட்டியிருந்தாள். நல்லவள் வேஷம் என்று நினைத்துக்கொண்டு அரிசியைக் களைந்து போட்டேன். சோறு வெந்தது. ஹெச்.எம். சார் வருகைப் பதிவேட்டோடு வாசலில் வந்து நின்றார். ஜன்னலில் பேத்தியும் இன்னும் நாலைந்து தலைகளும்.

ஆளுக்கொரு கரித்துணி. அவள் ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டாள், தண்ணீரில் நனைந்திருந்தது. நான் முழங்காலை மடக்கினேன்.

“ம்.”

குண்டான் அடுப்பை விட்டு எழும்பியது. எழும்பியே விட்டது! எனக்கு சந்தோஷத்தில் உச்சந்தலை சில்லென்றது. முதல் எட்டு வைத்தேன், என் வாய் திறந்தது.

“மலைமேலருந்து எறங்கி வந்தவளே, என் கரண்டிய புடுங்கிக்கினவளே...”

நான் நினைத்துச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தூக்கினால் அதுதான் வரும், அப்படிப் பழகிவிட்டது. எதிரே ஒரு முழ தூரத்தில் அவள் முகம். நடுவில் ஆவி. அவளும் குண்டானை விட முடியாது, நானும் விட முடியாது. காதைப் பொத்தக் கூட அவளுக்குக் கை இல்லை. அவள் கண்கள் என் வாயையே பார்த்தன.

“மஞ்சத்துணி கட்டி என் அடுப்புக்கு வேண்டிக்கினியா...”

இரண்டாவது எட்டில், ஆவி விலகிய நேரத்தில், அவள் இடது கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரை தோல் சுருங்கி, வெளுத்து, இளஞ்சிவப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் பதினேழு வருடமாகச் சமைக்கிறேன். கஞ்சி கொட்டின புண் எப்படி ஆறும் என்று எனக்குத் தெரியும்.

என் பேச்சு நின்றுவிட்டது.

“பேச்சு நின்னுடுச்சிக்கா. எறக்கு” என்றாள் மெதுவாக. அப்படியே நடுவில், தரையில் இறக்கி வைத்தோம்.

“என்னம்மா, முடியலையா?” என்றார் ஹெச்.எம். சார்.

“அக்காவுக்கு ஒண்ணுமில்லீங்க சார்” என்றாள் அவள், திரும்பியே பார்க்காமல். “எனக்குத்தான் துணி வழுக்கிச்சி.”

மறுபடி பிடித்தோம். எனக்கு ‘ம்’ வரவில்லை.  அவள் சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் அந்த அடுப்பை ஆண்டவள், சொல்வதற்கு என்ன? குனிந்தபடியே காத்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லுக்கா.”

“ம்.”

தூக்கினோம். பேசினால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். கரித்துக்கொட்ட ஒன்றுமில்லை. கேட்டேன்.

“எப்போடி சுட்டுக்கின?”

“நீ ஆஸ்பத்திரிக்கி போன மூணா நாளு. ஒத்தையில சாய்ச்சேன்.”

“மஞ்சத்துணி?”

“மஞ்சா பத்துப் போட்டு கட்டின துணிக்கா அது. புண்ணுக்குப் போட்டது.”

“அப்பறம் எப்பிடி வடிச்ச?”

“சொம்பாலதான். மொண்டு மொண்டு வடிப்பேன்.”

“ஏண்டி யாருக்கும் சொல்லல?”

“சொன்னா ரெண்டு பேருக்கும் ஒடம்பு சரியில்லன்னு வேற ஆளப் போட்டுடுவாங்க. நீ வர்ற வரைக்கும் ஓட்டிடலாம்னுதான்...” அவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்கு இழைக்கவே இல்லை.

குண்டான் மேடைக்கு வந்துவிட்டது. தட்டால் மூடிச் சாய்த்தோம், கஞ்சி வடிந்தது. ஹெச்.எம். சார், “அடுப்பு உங்களுதுதாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். ஜன்னலில் இருந்த பிள்ளைகள் கை தட்டின. நான் மூன்று மாதமாகக் காத்திருந்த கைதட்டல். நான் அடுப்பைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

அவள் அரிவாள்மனையை எடுத்து வைத்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு கத்தரிக்காய் அரிந்தாள். இரண்டாவதை எடுத்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

“தூக்கும்போதெல்லாம் இதான் பேசினியாக்கா?”

“ஆமா.”

“எத்தினி நாளா?”

“தீபாவளி கழிஞ்சதுலருந்து.”

“அதான் நல்லா தெம்பு வந்து கீது” என்றாள்.

மன்னிப்பெல்லாம் எனக்குக் கேட்க வராது. ஆணியிலிருந்து கரண்டியை எடுத்துப் போய் அவள் முன்னால் நீட்டினேன். “இன்னிக்கி சாம்பார நீயே வையி” என்று அரிவாள்மனையைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் வைத்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தேன். பேத்தி சொன்னது நிஜம்தான். பாழாய்ப் போன சாம்பார் அத்தனை நன்றாக இருந்தது, எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.